எக்ஸுக்கு இரண்டு வேலை

“மாமா, போன வாரம் எக்ஸ் ஏழுன்னு கண்டுபிடிச்சோம். இந்த வாரம் எக்ஸ் எதுவா வேணும்னாலும் இருக்கலாம்ங்கறாங்க. ரெண்டுல எது நிஜம்?”

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் கணக்கு நோட்டை நீட்டினாள். இடது பக்கத்தில் ‘3எக்ஸ் + 4 = 25 எனில் எக்ஸின் மதிப்பு காண்க’ என்று இருந்தது. கீழே மூன்று வரியில் விடை, 7. வலது பக்கத்தில் ‘ஒய் = 3எக்ஸ் + 4, வரைபடம் வரைக’. அதே மூன்று, அதே நான்கு, அதே எக்ஸ். இடது பக்கத்தில் ஏழு என்று சத்தியம் பண்ணிய எழுத்து, வலது பக்கம் வந்ததும் 0, 1, 2, 3 என்று வரிசையாக வேஷம் கட்டுகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த எழுத்துக்கு இரண்டு உத்தியோகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது மாற்றலாகிப் போன சேதியைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை. இடது பக்கத்து எக்ஸ் தலைமறைவாக இருக்கிற எண். அது ஏற்கெனவே ஏழுதான், நமக்குத்தான் தெரியாது. வலது பக்கத்து எக்ஸ் எங்கும் ஒளியவில்லை. அது உலாவுகிறது, அது போகிற இடத்துக்கெல்லாம் ஒய்யும் கூடவே போகிறது. பாடநூல் இரண்டையும் ‘மாறி’ என்று ஒரே பெயரால் அழைக்கிறது. இடது பக்கத்தில் எதுவுமே மாறவில்லை என்பதைக் கவனித்த பிள்ளைக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். வராத பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

அவளுக்கு ஆட்டோ மீட்டரை வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். காத்திருப்புக்கும் இரவுப் பயணத்துக்கும் தனிக் கணக்கு உண்டு, அதை இப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டர் போனால், முதல் 1.8 போக மீதி 1.2. ஆக 25 + 14.40, மொத்தம் 39.40. ஐந்து கிலோமீட்டருக்கு 63.40. பத்துக்கு 123.40.

தூரத்தைச் சொன்னால் கட்டணம் வந்து விழுகிறது. ஒரு தூரத்துக்கு ஒரே ஒரு கட்டணம். இப்படிப்பட்ட உறவுக்குத்தான் சார்பு என்று பெயர். எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயர் ‘செய்கை’, ‘நிறைவேற்றுதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதைக் கேட்கிற பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. தமிழ்ச் சொல்லோ பாதிப் பாடத்தைத் தானே நடத்திவிடுகிறது. கட்டணம் தூரத்தைச் சார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். மீட்டர் போட்டால்தானே இதெல்லாம்? போடாவிட்டால், அதே ஐந்து கிலோமீட்டருக்கு ஒருவர் 100 கேட்பார், அடுத்தவர் 150 கேட்பார், தூறல் விழுந்தால் 200. (பழைய கட்டணம் பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வதும் பொய்யில்லை.) ஆனால் கணிதத்தின் பார்வையில் பேரம் என்பது சார்பு அல்ல. தூரத்தைக் கிடையாகவும் கட்டணத்தைச் செங்குத்தாகவும் வைத்துப் படம் போடுங்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் நேராக மேல்நோக்கி ஒரு கோடு இழுங்கள். மீட்டர் கட்டணத்தின் படத்தை அந்தக் கோடு ஒரே இடத்தில் தொடும். பேரத்தின் படத்தில் மூன்று இடத்தில் முட்டும். பத்தாம் வகுப்பில் ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் வரும் குத்துக்கோட்டுச் சோதனை இதுதான்.

“மழை பெய்யுதாங்கறதையும் சேர்த்துக்கிட்டா?” என்றாள்.

நல்ல கேள்வி. தூரம், மழை, மணி என்ன, நம் முகத்தில் எவ்வளவு அவசரம் தெரிகிறது, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் பேரமும் ஒரு சார்பாகிவிடக்கூடும். பல மாறிகளைச் சார்ந்த சார்பு. அது கல்லூரிப் பாடம்.

இன்னொரு இடத்தில் பிள்ளைகள் தலைகீழாகப் போட்டுக்கொண்டு தவறுவார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் 25 ரூபாய், ஒன்றரைக்கும் 25 ரூபாய். இரண்டு தூரத்துக்கு ஒரே கட்டணம் வருகிறதே, இது சார்பைக் கெடுக்காதா? கெடுக்காது. தூரத்திலிருந்து கட்டணத்துக்குப் போகும் பாதை பிரியக்கூடாது, அதுதான் நிபந்தனை. பல பாதைகள் வந்து ஓரிடத்தில் சேர்ந்தால் தடையில்லை. திரும்பிப் போக முடியாது என்பது மட்டும்தான் நஷ்டம்: 25 ரூபாய் கொடுத்தவர் எவ்வளவு தூரம் வந்தார் என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி 1.8 கிலோமீட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தூரத்தை ‘த’ என்றும் கட்டணத்தை ‘க’ என்றும் வைத்துக்கொண்டால், க = 25 + 12(த − 1.8). விரித்து எழுதினால் க = 12த + 3.40. இதை வரைந்தால் நேர்கோடு வரும். 12 என்பது அதன் சாய்வு, அதாவது ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பது. கோட்டில் எங்கே நின்று பார்த்தாலும் இந்த ஏற்றம் மாறாது. நேர்கோடு என்பதன் முழு அர்த்தமும் இதுதான். ஆறுகிற காபி இப்படி நடந்துகொள்ளாது. முதல் சில நிமிடத்தில் மளமளவென்று சூடு இறங்கும், பிறகு சோம்பேறித்தனமாக இறங்கும், ஆகவே அதன் படம் வளைந்துதான் வரும்.

அந்த 3.40 என்ன? கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் செங்குத்து அச்சை அது 3.40-இல் வெட்டுகிறது. வெட்டுத்துண்டு என்று பெயர். வெட்டுத்துண்டு என்றால் ‘ஆரம்பத் தொகை’ என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். இங்கே அது பலிக்காது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் மீட்டர் 25 காட்டுகிறது, 3.40 அல்ல. இந்த 3 ரூபாய் 40 காசை எந்தப் பயணியும் கொடுத்ததில்லை, எந்த ஓட்டுநரும் வாங்கியதில்லை. நம் வாய்பாடு 1.8 கிலோமீட்டருக்கு அப்பால்தான் செல்லும், பூஜ்யத்தில் அதற்கு அதிகாரம் கிடையாது. எந்த எண்களுக்குச் சார்பு செல்லும் என்று எல்லை வகுப்பதற்கு மதிப்பகம் என்று பெயர். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் இந்தச் சொல்லை மறந்தால், இல்லாத 3.40-ஐ உண்மை என்று நம்பிக்கொண்டிருப்போம்.

யாரும் கொடுக்காத காசாக இருந்தாலும் அதற்கு ஒரு விளைவு உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு 63.40 என்றால் பத்துக்கு இரட்டிப்பாக 126.80 வரவேண்டும் என்று மனசு சொல்லும். வருவது 123.40. வித்தியாசம் சரியாக 3.40. நேர்கோடு வேறு, நேர்விகிதம் வேறு என்பதைக் காட்ட இதைவிடச் சுருக்கமான சாட்சி எனக்குத் தெரியாது. ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோட்டில்தான் இரண்டு மடங்குக்கு இரண்டு மடங்கு கிடைக்கும்.

இப்போது கேள்வியைத் திருப்பினேன். “உன் கையில் நூறு ரூபாய். எவ்வளவு தூரம் போகலாம்?”

12த + 3.40 = 100 என்று எழுதினாள். 12த = 96.60. த = 8.05. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேரம் உலாவிக்கொண்டிருந்த ‘த’ நூறு என்ற எண்ணைக் கண்டதும் ஒளிந்துகொண்டது. அவள் நோட்டின் இரண்டு பக்கங்களுக்கும் உள்ள உறவும் இதுதான். வலது பக்கத்தில் ஒரு சாலை இருக்கிறது. இடது பக்கம் அந்தச் சாலையில் நின்று, எந்த இடத்தில் ஒய் 25 ஆகும் என்று கேட்கிறது. சமன்பாடு என்பது சார்பிடம் நாம் கேட்கும் ஒரு கேள்வி.

“அப்போ கோடுதானே மொதல்ல? கேள்வி அப்புறம்தானே? எங்களுக்குத் தலைகீழா நடத்துறாங்க.”

தலைகீழாக நடத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மனிதர்கள் கற்றுக்கொண்டதும் அந்த வரிசையில்தான்.

கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் ஒரு பாப்பிரஸ் சுருளில் கணக்குகளைப் படியெடுத்தார். 1858-இல் ரிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லக்சரில் அதை விலைக்கு வாங்கினார். இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 24-ஆம் கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 ஆகின்றன, அந்த அளவு என்ன? ஆமெஸிடம் எக்ஸ் இல்லை. அவர் ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறார். விடை ஏழு என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் அதில் ஏழில் ஒரு பங்கும் எட்டு. நமக்கு வேண்டியது 19. எட்டை எதால் பெருக்கினால் 19 வருமோ, அதாலேயே ஏழையும் பெருக்கினால் விடை. அவர் எழுதிய விடை 16 + 1/2 + 1/8. நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இது ‘பதினாறரையே அரைக்கால்’ ஆகியிருக்கும். பின்னத்தை அரையும் அரைக்காலுமாக உடைத்துச் சொல்வது நமக்குப் பழகிய வழிதான்.

அழகான தந்திரம். ஆனால் நம் ஆட்டோவில் செல்லாது. நூறு ரூபாய்க்கு ஐந்து கிலோமீட்டர் என்று ஒரு பொய்யை வைத்துக்கொள்வோம். மீட்டர் 63.40 காட்டுகிறது. 100-ஐ 63.40-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் சுமார் 7.89 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய் இறங்கினால் மீட்டரில் ஏறத்தாழ 98 ரூபாய்தான் இருக்கும். கையில் இரண்டு ரூபாய் மிச்சம். அந்த 3.40 செய்த வேலை இது. ஆமெஸின் கணக்கு ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோடு, அதனால் ஒரு பொய் போதுமாக இருந்தது.

மற்றக் கோடுகளுக்கு இரண்டு பொய் வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு 63.40, பத்துக்கு 123.40. இடையில் ஐந்து கிலோமீட்டருக்கு 60 ரூபாய் ஏறியிருக்கிறது. நூறை எட்ட 63.40-க்கு மேல் வேண்டியது 36.60, அதற்கு 3.05 கிலோமீட்டர். ஐந்தோடு சேர்த்தால் 8.05. பழைய சீனக் கணித நூலான ‘ஒன்பது அத்தியாயங்கள்’, ஏழாவது அத்தியாயத்தை முழுக்க இந்த முறைக்கே ஒதுக்கியிருக்கிறது. ஒரு முறை கூடுதலாகவும் ஒரு முறை குறைவாகவும் ஊகித்து, நடுவில் விடையைப் பிடிப்பார்கள். இரண்டு புள்ளி கிடைத்தால் ஒரு கோடு நிச்சயம் என்பதுதான் அதன் அடியில் இருக்கும் உண்மை. கோடு என்ற எண்ணமே இல்லாமல் அவர்கள் கோட்டின் குணத்தைப் பயன்படுத்தினார்கள்.

கி.பி. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்திலும் கணித பாதத்தில் ஒரு விதி வருகிறது. இருவரிடம் விலை தெரியாத பொருள்கள் சில இருக்கின்றன, அந்தப் பொருளுக்குக் குளிகை என்று பெயர். கையில் ரொக்கமும் இருக்கிறது. இருவரின் மொத்தச் சொத்தும் சமம் என்றால், ரொக்கங்களின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் விலை கிடைக்கும் என்கிறார்.

இந்த விதி கல்யாண வீட்டில் அப்படியே பயன்படும். ஓர் அச்சகம் வடிவமைப்புக்கு 1,500 ரூபாயும் பத்திரிகை ஒன்றுக்கு 12 ரூபாயும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று வடிவமைப்புக்கு 3,000, பத்திரிகைக்கு 8 ரூபாய். எது மலிவு என்று மாமாவும் சித்தப்பாவும் வாதாடுவார்கள். ஆரியபட்டர் சொன்னபடி 1,500-ஐ 4-ஆல் வகுத்தால் 375. அத்தனை பத்திரிகை அடித்தால் இரண்டு இடத்திலும் 6,000 ரூபாய்தான். அதற்குக் கீழே என்றால் முதல் அச்சகம், மேலே என்றால் இரண்டாவது. படம் போட்டால் இரண்டு கோடுகள் 375-இல் வெட்டிக்கொள்வது தெரியும். ஆரியபட்டர் வெட்டும் புள்ளியைத் தந்தார், கோடுகளைத் தரவில்லை. அவருக்கு வேண்டியது குளிகையின் விலை மட்டும்தான். குறைந்தால் என்ன, கூடினால் என்ன என்ற மாமா-சித்தப்பா சண்டை அவர் விதிக்குள் வரவில்லை.

அடுத்து பாக்தாத். 820 வாக்கில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருந்த ‘அல்-ஜபர்’ என்ற சொல்தான் இயற்கணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயராயிற்று. குறைந்ததை மீட்டுச் சேர்ப்பது என்று அர்த்தம். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல். ஸ்பானிய மொழியில் ஒரு காலத்தில் கட்டுப் போடுகிற வைத்தியருக்கும் இந்தச் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. நம் புத்தூர் கட்டுக்காரரைக் கணித மேதை என்று கூப்பிட்டதுபோல. ‘இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் போனால் கழித்தல்’ என்று மந்திரமாக மனப்பாடம் செய்யவைக்கிறார்களே, அதற்குப் பதில் தராசின் இரண்டு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுக்கிறோம் என்று ஒரு தடவை சொன்னால் போதும். எண் ஒன்றும் பாலம் தாண்டிக் குணம் மாறுவதில்லை.

எக்ஸின் இரண்டாவது உத்தியோகத்துக்கு இன்னும் எண்ணூறு வருடம் ஆயிற்று. 1637-இல் வெளியிட்ட நூலில் தேக்கார்த்தே வடிவியலையும் சமன்பாட்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று கடைசி எழுத்துகளை வைக்கும் பழக்கமும் அந்த நூலில்தான் நிலைபெற்றது. அதே காலத்தில் பெர்மாவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சார்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லை லைப்னிட்ஸ் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். எஃப் போட்டு அடைப்புக்குள் எக்ஸ் எழுதும் குறியீடு ஆய்லருடையது, ஆண்டு 1734. ஆமெஸிலிருந்து அதுவரை மூவாயிரம் வருடத்துக்கும் மேல். பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது ஒரு வாரம்.

அந்தக் குறியீடு தனித் தொல்லை. எஃபை எக்ஸால் பெருக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் பள்ளியில் வெகு நாள் நினைத்திருந்தேன். அடைப்புக்குறி என்றாலே பெருக்கல் என்று அதற்கு முந்தைய வருடம்தானே பழக்கியிருந்தார்கள்! தமிழ் எழுத்தில் க(5) = 63.40 என்று எழுதினால் விஷயம் எளிது: ஐந்து கிலோமீட்டருக்கான கட்டணம் 63.40. அடைப்புக்குள் இருப்பது நாம் மீட்டருக்குக் கொடுப்பது, சமக்குறிக்கு அப்பால் இருப்பது மீட்டர் நமக்குத் தருவது.

சாய்வும் வெட்டுத்துண்டும் தனித்தனி ஆட்கள் என்பது தெரியாவிட்டால் படித்தவர்களும் சறுக்குவார்கள். நம் வீடுகளில் காய்ச்சலுக்குப் பாரன்ஹீட், வெயிலுக்குச் செல்சியஸ். இரண்டையும் இணைக்கும் கோடு: பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. உடம்பின் 37 செல்சியஸ் 98.6 ஆவது இப்படித்தான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் புவி வெப்ப உயர்வை 1.5 செல்சியஸுக்குள் நிறுத்த முயல்வது என்று பேசினார்கள். அதைப் பாரன்ஹீட்டில் சொல்லு என்றால் 1.5-ஐ வாய்பாட்டில் போட்டு 34.7 என்று சொல்லிவிடத் தோன்றும். பூமி அவ்வளவு சூடேறினால் நாம் யாரும் இருக்க மாட்டோம். கேட்கப்பட்டது வெப்பநிலை அல்ல, வெப்பநிலையின் மாற்றம். மாற்றத்தில் வெட்டுத்துண்டுக்கு வேலையே இல்லை, சாய்வு மட்டும் பேசும். 1.5 × 1.8, விடை 2.7.

கீழ்நோக்கிச் சாயும் கோட்டுக்கும் இதிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. ஸ்வீடனின் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் முன்வைத்த அளவுகோலில் நீர் கொதிப்பது 0, உறைவது 100. இன்றைய எண்ணை 100-லிருந்து கழித்தால் அன்றைய எண். சாய்வு −1. அவர் இறந்தபின் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். போடாமல் விட்டிருந்தால் நல்ல உடம்பு 63 காட்டும், காய்ச்சல் ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வரும், ‘அறுபத்தொண்ணுக்கு வந்துடுச்சு’ என்று அம்மாக்கள் பதறியிருப்பார்கள்.

அக்கா மகளுக்கு இதில் எவ்வளவு நிற்கும் என்று தெரியாது. கிளம்பும்போது நானாக ஒரு கணக்குக் கொடுத்தேன். ஓரமாக வைத்த இரவுக் கட்டணம்: 2013 அறிவிப்பின்படி இரவு 11 முதல் காலை 5 வரை பகல் கட்டணத்தோடு பாதி கூடுதல். இரவுக் கோட்டின் சாய்வு என்ன, வெட்டுத்துண்டு என்ன, நூறு ரூபாய்க்கு எவ்வளவு தூரம்? அக்கா ஸ்கூட்டரை எடுப்பதற்குள் அவள் நோட்டின் பின்னட்டையில் போட்டுக் காட்டினாள். சாய்வு 18. வெட்டுத்துண்டு 5.10. தூரம் 5.27 கிலோமீட்டர்.